பழைய லாரியின் டீசல் கணக்கு

விழுப்புரத்திலிருந்து தெற்கே இறங்கும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கோவையிலிருந்து கரூர் வழியாகச் சிதம்பரம் நோக்கிச் செல்லும் 81ஆம் எண் சாலை, திண்டுக்கல்லையும் தஞ்சாவூரையும் இணைக்கும் 83ஆம் எண் சாலை, புதுக்கோட்டைக்குப் போகும் 336ஆம் எண் சாலை ஆகிய நான்கும் கூடுமிடமாக இருப்பதால், திருச்சிராப்பள்ளியின் வாழ்வில் லாரிக்கு உள்ள இடம் மிகப் பெரியது. பல அச்சுகள் கொண்ட புதிய வண்டிகள் நெடுந்தூர ஓட்டத்தை எடுத்துக்கொள்ள, பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த வண்டிகள் குறுந்தூர வேலைக்கு இறங்கிவிடுவது சரக்குப் போக்குவரத்தின் பொது வழக்கம். ஸ்ரீரங்கத் தீவிலும் முசிறி, தொட்டியம் பகுதிகளிலும் விளையும் வாழைத்தார்களை ஏற்றுவதும், இரவில் காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவருவதும், சம்பா அறுவடை முடிந்தபின் தஞ்சைப் பக்கத்து வைக்கோலை மேற்கு மாவட்டங்களுக்குச் சுமப்பதும், டால்மியாபுரம் சிமெண்டையும் துவாக்குடிப் பட்டறைகளின் இரும்புத் தளவாடங்களையும் ஊர் ஊராகச் சேர்ப்பதும் இத்தகைய வண்டிகளுக்கு இன்னும் பிழைப்பாக இருக்கின்றன. இவற்றின் உரிமையாளர்களில் பலர் ஒரு வண்டி அல்லது இரண்டு வண்டி மட்டுமே வைத்திருப்பவர்கள். லிட்டர் 90 ரூபாயைக் கடந்துவிட்ட டீசல், வண்டியை ஓட்டும் செலவில் ஏறத்தாழப் பாதியை விழுங்குவதால், மைலேஜ் அரைக் கிலோமீட்டர் குறைந்தாலும் குடும்பத்தின் வருமானத்தில் அது உடனே தெரிகிறது.

மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 1,500 லிட்டர் டீசல் வேண்டும். அதே வண்டி 4.5 கொடுத்தால் 1,333 லிட்டர் போதும் என்பதால், மாதத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குமேல் மிஞ்சுகிறது. இக்கணக்கில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மைலேஜ் 5இலிருந்து 6க்கு உயர்ந்தால் மாதம் 200 லிட்டர் மிச்சமாகும். 3இலிருந்து 4க்கு உயர்ந்தாலோ 500 லிட்டர் மிச்சமாகும். உயர்வு இரண்டிலும் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும், மோசமாகக் குடிக்கும் வண்டியைத் திருத்துவதில்தான் ஆதாயம் மிகுதி என்பதை இது காட்டுகிறது. எனவே, பழைய வண்டி என்றால் இப்படித்தான் குடிக்கும் என்று கைவிட்டுவிடும் மனப்போக்கு, எந்த வண்டியில் திருத்தம் மிக அதிகமாகப் பலன் தருமோ அந்த வண்டியையே புறக்கணிப்பதாக முடிகிறது.

மைலேஜ் விழுந்துவிட்டது என்றவுடன் எரிபொருள் பம்ப்பைக் கழற்றுவதும், அதற்கும் அடங்காவிட்டால் எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன் மாற்றுவதும் பட்டறைகளில் பரவலாக நடப்பவை. செலவு மிக்க இவ்விரண்டு வேலைகளும் தேவைப்படும் வண்டிகள் உண்டு என்பது மெய்யே. ஆனால் அவை தேடலின் இறுதியில் வரவேண்டியவை. பழைய லாரியில் மைலேஜ் குறைவது பெரும்பாலும் ஒரே பெரிய கோளாற்றால் அன்று. இரண்டு விழுக்காடு இங்கும் மூன்று விழுக்காடு அங்குமாகப் பல சிறிய இழப்புகள் சேர்ந்தே அது நேர்கிறது. அவற்றில் பாதிக்குமேல் எஞ்சினுக்கு வெளியே இருப்பவை, சில நூறு ரூபாயிலோ சில மணிநேர உழைப்பிலோ சரிசெய்யக்கூடியவை.

தேடலுக்கு முந்திய வேலை அளத்தல். ஓட்டுநரின் மதிப்பீடும் பங்க்கில் போட்ட தொகையும் அளவு ஆகா. சமதளமான ஓரிடத்தில், ஒரே பங்க்கில், டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி, குறைந்தது 500 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் அதே மட்டத்துக்கு மீண்டும் நிரப்பி, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுப்பதே நம்பத்தக்க முறை. ஒரே மாதிரியான லோடில் இதை மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது. தூரத்தைக் காட்டும் மீட்டரும் சரிபார்க்கப்பட வேண்டும். முன்பு 9.00-20 அளவு டயரில் ஓடிய வண்டிக்கு 10.00-20 அளவு டயர் மாட்டினால், சக்கரம் பெரிதாகி ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருள்கிறது. மீட்டரோ பழைய சக்கரத்தின் கணக்கிலேயே எண்ணுவதால் உண்மையைவிட மூன்று விழுக்காட்டுக்குமேல் குறைவாகக் காட்டுகிறது. வண்டியில் எந்தக் குறையும் இல்லாமலே மைலேஜ் விழுந்ததாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டோ கைபேசியின் வழிகாட்டிச் செயலியைக் கொண்டோ மீட்டரைச் சரிபார்த்துவிடலாம்.

மைலேஜ் என்ற எண்ணை மட்டும் நம்புவதும் சில வேளைகளில் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் 1976ஆம் ஆண்டுக் காவிரிப் பாலம், 2022 நவம்பரில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அத்தகைய காலத்தில் புறவழிச்சாலையைச் சுற்றிக்கொண்டு போகும் வண்டி, நிற்காமல் ஓடுவதால் லிட்டருக்குக் கூடுதல் கிலோமீட்டர் காட்டக்கூடும். ஆனால் தூரம் கூடிவிடுவதால் ஒரு நடைக்கு ஆகும் டீசல் குறைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதோடு, ஒரு நடைக்கு இத்தனை லிட்டர், சுமந்த டன் இத்தனை என்பவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவருவது அவசியம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளில் ஒவ்வொரு பேருந்துக்கும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் நாள்தோறும் இக்கணக்கு எழுதப்படுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரியோடு இந்திய அளவில் முன்வரிசையில் நிற்பதற்கு, வேறு எந்தக் கருவியையும்விட அந்த நோட்டுக்கே கூடுதல் பங்கு உண்டு என்று கூறலாம்.

டீசல் எங்கே போகிறது என்பதை விளங்கிக்கொண்டால் தேடல் எளிதாகும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை உழைப்பாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட இது பெரும் சாதனை. நல்ல நிலையிலுள்ள பழைய லாரி எஞ்சின் இன்று மூன்றில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ உழைப்பாக மாற்றுகிறது. மீதி, புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கும் முழுவதுமாகச் சரக்கை நகர்த்தப் பயன்படுவதில்லை. டயர்களின் உருளல் எதிர்ப்பு, அதாவது சுமையால் டயர் நசுங்கி நிமிர்வதில் வீணாகும் சக்தி, ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. எதிர்க்காற்று ஒரு பகுதியையும், பிரேக்கும் பேரிங்குகளும் ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இழப்புகள், எஞ்சினுக்குள் நேர்பவை, எஞ்சினுக்கும் சாலைக்கும் இடையில் நேர்பவை என இரு வகைப்படும். இரண்டாம் வகையை முதலில் ஆராய்வதே சிக்கனம்.

பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கே இவ்வகையில் முதன்மையானது, அடிக்கடி கவனிக்கப்படாமல் போவதும் அதுவே. டிரம்முக்குள் பிரேக் ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ஸ்லாக் அட்ஜஸ்டர் எனப்படும் இடைவெளி சரிசெய்யும் பாகம் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டாலோ, மிதியை விட்டபின்னும் ஷூ டிரம்மைத் தொட்டபடியே இருக்கும். எஞ்சின் வண்டியை இழுக்கும்போதே பிரேக் அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப்பின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோனால், மற்றவற்றைவிட அதிகமாகக் கனலும் சக்கரம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஜாக் வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் அது தாராளமாகச் சுழல வேண்டும். சரக்கு இல்லாத இரண்டு அச்சு லாரியைச் சிமெண்ட் தரையில் நியூட்ரலில் நிறுத்தி மூன்று பேர் தள்ளினால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் பம்ப்பைத் தொடுவதற்கு முன் பிரேக்கையும் பேரிங்கையும் பார்ப்பதே முறை.

டயரைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 16 டன் எடையோடு சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரிக்குக் காற்றின் எதிர்ப்பைவிட டயர்களின் உருளல் எதிர்ப்பே பெரிய சுமை. டயரில் காற்று 10 பவுண்டு குறைந்தால் டீசல் செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடுவரை கூடலாம். இரட்டைச் சக்கரங்களில் உள்பக்கத்து டயரைத் தட்டிப் பார்த்தே திருப்தி அடைந்துவிடுவதால், பல மாதங்கள் குறைந்த காற்றிலேயே அது ஓடிக்கொண்டிருப்பது உண்டு. முன்சக்கரங்களின் அலைன்மென்ட் தவறியிருந்தால் டயர் உருள்வதோடு சற்றே பக்கவாட்டில் தேய்ந்துகொண்டும் போகிறது. டயரின் ஓரத்தில் காணப்படும் இறகு போன்ற தேய்மானம் அதன் அடையாளம். பழைய நைலான் டயர்களுக்கு மாற்றாக ரேடியல் டயர் போடுவது, முதலில் செலவு கூடுதலானாலும், உருளல் எதிர்ப்பைக் கண்கூடாகக் குறைக்கிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளர்வது என்பதால், 60இலிருந்து 80 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால் அவ்வெதிர்ப்பு 78 விழுக்காடு அதிகரிக்கிறது. சமயபுரத்தைத் தாண்டியதும் விரியும் நான்குவழிச் சாலை பழைய வண்டியையும் 80க்குத் தூண்டுகிறது; பெரம்பலூர் போய்ச் சேர்வதில் கால் மணிநேரம்கூட மிச்சமாகாத அந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். வைக்கோல் லோடு இதற்குத் தெளிந்த சான்று. எடையில் அது பாதி லோடுகூட ஆகாது. ஆனால் பக்கங்களிலும் மேலேயும் பிதுங்கி நிற்பதால் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு பெருகி, சிமெண்ட் லோடு ஏற்றிய வண்டிக்கு இணையாகவோ கூடுதலாகவோ டீசல் கேட்கக்கூடும். தளர்ந்து படபடக்கும் தார்ப்பாயும் காற்றைப் பிடித்து இழுக்கிறது. அதை இறுக்கிக் கட்டுவதற்குக் கயிறும் பத்து நிமிடமும் போதும்.

எஞ்சினுக்குள் நேரும் இழப்புகளில் காற்றுப் பற்றாக்குறைக்கே முதலிடம் தரவேண்டும். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிவதற்குக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று தேவை. நடைமுறையில் டீசல் எஞ்சின் அதற்கும் மேலாகவே காற்றை உறிஞ்சுகிறது. அரியலூர், கல்லக்குடி சிமெண்ட் வட்டாரத்தின் தூசியிலும் கல்குவாரிச் சாலைகளின் புழுதியிலும் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர், கையேட்டில் சொல்லப்பட்ட கிலோமீட்டருக்கு வெகு முன்பே அடைத்துக்கொள்கிறது. மிகப் பழைய வண்டிகளில் தூசியை எண்ணெயில் படியவைக்கும் ஆயில் பாத் வகைக் கிளீனர் இருக்கும். அதன் எண்ணெயை மாற்ற மறந்தால் அது சேற்றுக் கிண்ணமாகிவிடும். காகித வகை ஃபில்டரை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கத்திலும் ஆபத்து உண்டு: அழுத்தம் மிகுந்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்து, தூசி நேராக எஞ்சினுக்குள் சென்று லைனரை அரித்துவிடும். சில நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றாமல் சேமித்து, பல்லாயிரம் ரூபாய் எஞ்சின் வேலையை வரவழைத்துக்கொள்வது இந்த வழியில்தான்.

புகையின் நிறம் எஞ்சினின் நிலையை ஓரளவு சொல்லிவிடும். சூடேறிய எஞ்சினிலிருந்து வெண்புகை தொடர்ந்து வந்தால் டீசல் எரியாமலே ஆவியாக வெளியேறுகிறது. நீலம் கலந்திருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்றுக்குப் பொருந்தாத அளவு டீசல் இறங்குகிறது. இந்த மூன்றாவதில்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. கரும்புகையைக் கண்டவுடன் பம்ப்பில் டீசலைக் குறைத்துவைத்தால் புகை நின்றுவிடும், புகைச் சான்றிதழும் கிடைத்துவிடும். ஆனால் காரணம் அடைத்துக்கொண்ட ஃபில்டராகவோ, தளர்ந்த டர்போ குழாயாகவோ இருந்தால், குறைபட்ட காற்றோடு இப்போது டீசலும் குறைந்து வண்டி பிக்கப் இழக்கிறது. அதைச் சமாளிக்க ஓட்டுநர் சிறிய கியரிலேயே நெடுநேரம் ஓட்டுகிறார், மைலேஜ் முன்னைவிட மோசமாகிறது.

திருச்சியின் வெயிலோடு தொடர்புடைய மற்றொரு பிழையும் உண்டு. கோடையில் எஞ்சின் கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எஞ்சினைச் சுற்றும் நீர் ஏறத்தாழ 80 டிகிரியை எட்டும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, எஞ்சின் விரைவில் உரிய சூட்டை அடையச் செய்வதே அந்த வால்வின் வேலை. அது இல்லாத எஞ்சின் அதிகாலை ஓட்டத்திலும் மழைக்காலத்திலும் குளிர்ந்தே ஓடுகிறது. ஆயில் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டுகிறது, டீசல் சரியாக எரிவதில்லை, லைனர் தேய்மானமும் மிகுகிறது. கொதிப்புக்கு உண்மையான காரணம் அடைபட்ட ரேடியேட்டரும் தளர்ந்த ஃபேன் பெல்ட்டும் தேய்ந்த நீர்ப்பம்ப்புமே என்பதால், அவற்றைச் சரிசெய்து வால்வை மீண்டும் பொருத்துவதே மருந்து.

இவையனைத்தும் சரியாக இருந்தும் மைலேஜ் ஏறவில்லை என்றால்தான் எரிபொருள் பம்ப்பின் முறை வருகிறது. டீசல் எஞ்சின் லாரிக்கு ஏற்றதாக மாறியதே இந்தப் பம்ப்பால்தான்; ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927இல் அதைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தபின்தான் டீசல் லாரி உலகெங்கும் பரவியது. 1951இல் தொடங்கப்பட்ட பெங்களூர் மைக்கோ நிறுவனம் அதே வகைப் பம்ப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததால், டாடா, லேலண்ட் என்று வண்டி எதுவானாலும் பட்டறைகளில் மைக்கோ பம்ப் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப்பின் வந்த வண்டிகளில் கணினி கட்டுப்படுத்தும் காமன் ரயில் முறை இருக்க, அதற்குப் பல ஆண்டுகள் முந்திய வண்டிகளில் பெரும்பாலானவை முழுக்க இயந்திர முறையில் இயங்கும் இப்பம்ப்பையே கொண்டவை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக அதற்குள் வரிசையாக நிற்கும் உருளைகளைப் பட்டறையினர் எலிமென்ட் என்பர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளியுள்ள அவை டீசலை அழுத்தி அனுப்ப, நாசில் அதைத் தலைமயிர்த் துளைகளின் வழியாகப் பனிப்படலமாகத் தூவுகிறது.

பழைய வகை நாசிலின் ஸ்பிரிங், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு அழுத்தம் வந்தபின்தான் திறக்குமாறு அமைக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடும்போது ஸ்பிரிங் தளர்ந்து குறைந்த அழுத்தத்திலேயே திறந்துவிடுவதால், டீசல் படலமாக விழாமல் துளிகளாக விழுகிறது. துளியின் மேற்பரப்பு மட்டும் எரிய, உள்பகுதி கரியாகி வெளியேறுகிறது. நாசில் டெஸ்டர் என்ற கைப்பம்ப்பில் மாட்டி அழுத்திப் பார்த்தால், நல்ல நாசில் கரகரவென்ற ஒலியோடு சீராகத் தூவி, முனையில் ஈரம்கூட நில்லாமல் சட்டென நிற்கும், கெட்டது ஒழுகும். பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் நாசில்களை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்வது உரிமையாளரின் உரிமை. நாசில்கள் நல்லவை என்று தெரிந்தபின்னும் குறை இருந்தால், பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, எல்லா எலிமென்ட்டும் சம அளவு டீசல் தருகின்றனவா என்பதைக் கோடிட்ட கண்ணாடிக் குழாய்களில் அளந்து காலிபரேஷன் செய்ய வேண்டும். அளவைக் கண்ணால் பார்த்து, முடிவுகளை எழுதி வாங்கிக்கொண்டு, பம்ப்புக்குச் சீல் வைக்கச் சொல்வது பின்னாளில் யாரும் டீசலைக் கூட்டிவைக்காமல் காக்கும். பம்ப்பை மீண்டும் பொருத்தும்போது டைமிங், அதாவது பிஸ்டன் எந்நிலையில் இருக்கும்போது டீசல் இறங்கவேண்டும் என்ற அமைப்பு, கையேட்டின்படி இருக்கவேண்டும். சற்றே தாமதித்தாலும் டீசல் புகைக்குழாயை நோக்கிப் போகும்போது எரிந்து வீணாகிறது.

எஞ்சின் ஆயிலை அளக்கும் குச்சி இங்கே ஓர் அரிய சாட்சி. ஆயில் மட்டம் குறையாமல் மாறாக ஏறிக்கொண்டே வந்து, டீசல் வாடை அடித்தால், தேய்ந்த எலிமென்ட் வழியாகவோ ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அது மைலேஜைக் குறைப்பதோடு ஆயிலை நீர்த்துப்போகச் செய்து பேரிங்குகளையே அழித்துவிடும் என்பதால், வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் நிறுத்துவதே தக்கது. வெளியே ஒழுகும் டீசலும் அற்பமானதன்று. நொடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் கசியும் இணைப்பு, நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டரை மண்ணில் விடுகிறது.

ஓட்டும் முறையில் எடுத்துச்சொல்ல வேண்டியது மிகுதி. 16 டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் டீசல் செலவாகிறது. பிரேக் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அவ்வளவும் டிரம்மில் சூடாகிப் போகிறது. பால்பண்ணை ரவுண்டானாவிலும் டி.வி.எஸ். டோல்கேட்டிலும் நம்பர் 1 டோல்கேட்டிலும் முன்னால் நிற்கும் நெரிசலைத் தொலைவிலேயே கண்டு ஆக்சிலரேட்டரை விட்டுவிடும் ஓட்டுநர், கடைசி நொடியில் பிரேக்கில் ஏறி நிற்பவரைவிட ஒவ்வொரு நடையிலும் லிட்டர் கணக்கில் மிச்சம் பிடிக்கிறார். ஆனால் அப்படி விடும்போது நியூட்ரலில் போடுவது டீசலை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கை முற்றிலும் தவறானது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் பம்ப்பின் கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது, வண்டியின் வேகமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தானே சுழல வேண்டியிருப்பதால் டீசல் குடித்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சினின் தடுப்பு விசையும் அப்போது கிடைக்காததால், முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுகிறது. உயிருக்கும் ஆபத்து, டீசலும் நட்டம் என்ற இப்பழக்கத்தை ஓட்டுநர்களிடம் பொறுமையாக விளக்கி மாற்றவேண்டும். காந்தி மார்க்கெட்டில் இறக்குவதற்கு இரவில் காத்திருக்கும்போதும் ஆற்று மணலுக்கு வரிசையில் நிற்கும்போதும் எஞ்சினை அணைக்காமல் விடுவதும் அத்தகையதே. ஓடாமல் நிற்கும் லாரி எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறது.

இத்துறையில் பயிற்சியும் அளிக்கும் மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978 முதல் இயங்கிவருகிறது. ஆயினும் மிச்சமாகும் டீசலில் ஒரு பங்கு ஓட்டுநரின் கைக்கு வராதவரை எந்தப் பயிற்சியும் நிலைக்காது. நடைக்கு இத்தனை லிட்டர் என்று நியாயமாக நிர்ணயித்து, மிச்சத்தில் பாதியைப் பேட்டாவோடு சேர்த்துத் தருவது உரிமையாளருக்கு எவ்வகையிலும் நட்டமன்று.

டீசலில் கலக்கும் திரவங்கள், எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தங்கள் போன்றவை மைலேஜைப் பலமடங்கு உயர்த்தும் என்று விற்கப்படுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய சாதனங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து, மிகச் சிலவே அற்பமான பலன் தந்தன என்று கண்டறிந்திருக்கிறது. அந்தப் பணத்துக்கு இரண்டு நாசில் வாங்கிப் போடலாம்.

எல்லாத் திருத்தங்களுக்கும் எல்லை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை வேகமாக வீசி அடித்தால், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். கம்ப்ரஷன் அளவும் குறைந்திருந்தால் எஞ்சின் வேலையைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவு வண்டியின் சந்தை விலையில் பாதியைத் தொடுமானால், அந்த வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டி பார்ப்பதே அறிவுடைமை. பழைய வண்டி என்ற பற்று கணக்கை மறைத்துவிடக் கூடாது.

லாரிப் பட்டறைகள் நிறைந்த அரியமங்கலத்திலேயே சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. துவாக்குடியில், 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. டீசல் ரயில் எஞ்சின்களைப் பிரித்துக் கோத்துப் பழகிய கைகள் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருக்கின்றன. ஒற்றை வண்டி உரிமையாளர் ஒருவர் தம் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால், பிரேக்கையும் டயரையும் நாசிலையும் அளந்து, எங்கே எவ்வளவு டீசல் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொடுக்கும் இலவச முகாமை மாதம் ஒரு ஞாயிறாவது நடத்துவதற்கு இந்நகரில் இல்லாதது எதுவுமில்லை. லாரி உரிமையாளர் சங்கங்களும் இக்கல்வி நிறுவனங்களும் கலந்துபேசி, வரும் வாழை அறுவடைக் காலத்துக்கு முன்பாகவே அதைத் தொடங்க வேண்டும்.